பேட்டரி விளக்கும் அத்தையும்

மார்ச் 4, செவ்வாய்

அந்தச் சிவப்பு விளக்கு இன்றும் எரிந்தது. பேட்டரி படம் போட்ட சின்ன விளக்கு. காலையில் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகும்போது இல்லை. மதியம் திரும்பும்போது தூறல். வைப்பர் போட்டேன், முன்விளக்கும் போட்டேன், உடனே சிவப்பு. இரண்டையும் அணைத்தால் அதுவும் அணைகிறது. வீட்டு வாசலில் நிறுத்தி மறுபடி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். எரியவில்லை. என்னை வைத்து விளையாடுகிறதா?

எட்டு மாதத்துக்கு முன்பென்றால் “என்னங்க, ஒரு சிவப்பு விளக்கு எரியுது” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பேன். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். இந்தப் பக்கத்துக் கார்களில் பாதி அவர் கைபட்ட ஒயரிங்தான். இருபத்தாறு வருஷமாக அந்தப் பட்டறை.

இப்போது அவர் கூடத்தில் ஜன்னலோர நாற்காலியில் இருக்கிறார். பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. வார்த்தை வருகிறது, ஆனால் வேறு வார்த்தை. தண்ணீர் வேண்டும் என்றால் “சீப்பு” என்கிறார். சீப்பைக் கொடுத்தால் கையால் தட்டிவிடுகிறார். நான் சொல்வது புரிகிறதா இல்லையா – அதுவும் தெரியவில்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறார். “சாப்பிட்டீங்களா?” – ஆட்டல். “சாப்பிடலையா?” – அதே ஆட்டல்.

மார்ச் 5, புதன்

விளக்கு எரியவில்லை. ஊருக்கெல்லாம் கண் பரிசோதிக்கிறவளுக்கே கண்ணில் கோளாறோ?

மார்ச் 7, வெள்ளி

பேச்சுப் பயிற்சிக்குப் போகிற நாள். அவரை முன் சீட்டில் உட்கார வைத்து, காலைத் தூக்கி உள்ளே வைத்து, பெல்ட்டைப் போட்டு, நான் சுற்றி வந்து சாவியைத் திருப்பினால் – வண்டி முனகுகிறது. தூக்கத்தில் எழுப்பின ஆள் மாதிரி. மூன்றாவது தடவை இழுத்து இழுத்துக் கிளம்பியது. பயிற்சி முடிந்ததும் நேரே பட்டறைக்கு விட்டேன்.

பட்டறையை இப்போது நடத்துவது மின்னல். அவருடைய கூட்டாளி. எதையும் யோசிப்பதற்குள் செய்து முடித்துவிடுவார் என்று இவர் வைத்த பெயர்தான். வாங்கிய பெயருக்குத் துரோகம் செய்யாதவர். பானெட்டைத் திறந்தார், மூடினார்.

“பேட்டரி போச்சு அண்ணி. அஞ்சு வருஷம் ஆச்சு, அது மட்டும் என்ன பண்ணும்? மாத்திடலாம்.”

அப்போதுதான் இவர் ஜன்னல் கண்ணாடியை இடது கையால் தட்டினார். நான் கதவைத் திறந்தேன். வாயைக் கோணிக்கொண்டு, நெற்றி வேர்த்து, தள்ளித் தள்ளி வந்தது அந்த வார்த்தை:

“அத்... அத்தை.”

“அத்தையா? எந்த அத்தை?”

“அத்தை! அத்தை!”

மின்னல் குனிந்து, “வீட்டுக்குப் போவோம்ணே, ஒண்ணுமில்ல, அத்தை நல்லாத்தான் இருக்காங்க” என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல. இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பட்டறையின் வாசனை பட்டதும் பழைய ஞாபகம் ஏதோ கிளறிவிட்டது போலிருக்கிறது. ஆனால் அத்தை எங்கிருந்து வந்தாள்?

மார்ச் 8, சனி

புதுப் பேட்டரி. சாவியைத் தொட்டதும் பாய்கிறது. அப்பாடா.

மார்ச் 10, திங்கள்

அப்பாடா என்று எழுதியிருக்கக் கூடாது. விளக்கு திரும்ப வந்துவிட்டது. புதுப் பேட்டரியோடு!

அக்கா போன் செய்தாள். எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நாள் முழுக்க நின்ற கால் வலி, கார்க் கவலை, எல்லாம் சேர்ந்துகொண்டது. சொல்லிவிட்டேன்: “உள்ள ஆளே இல்லக்கா. வீடு இருக்கு, விளக்கு இருக்கு, கதவத் தட்டினா யாரும் வர மாட்டேங்கறாங்க. அவரு இருந்தும் நான் தனியாத்தான் இருக்கேன்.” அக்கா சொன்னாள்: “மெதுவாப் பேசு, அவரு காதுல விழும்.” “விழுந்தா மட்டும்?” என்றேன்.

அவர் நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தார். ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 12, புதன்

மின்னல் இன்று ஆல்டர்நேட்டரைக் கழற்றினார். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் செய்து பேட்டரிக்கு ஊட்டுவது அதுதானாம். மேசையில் வைத்துச் சுற்றிப் பார்த்தார். நன்றாக வேலை செய்கிறது! எனக்கே மீட்டரைக் காட்டினார். பதினாலரை வோல்ட். “இது நல்ல நம்பர் அண்ணி.”

“அப்ப ஏன் விளக்கு எரியுது?”

தலையைச் சொறிந்தார். “பேட்டரியும் நல்லாருக்கு. இதுவும் நல்லாருக்கு. இதைச் சுத்துற பெல்ட்டும் புதுசு. ஆனா வண்டில மாட்டினா பேட்டரில பன்னெண்டுதான் காட்டுது. செய்யற எடத்துல சரியா செய்யுது, சேர வேண்டிய எடத்துல சேரலை.”

“நடுவுல எங்க போகுது?”

“அதான் புரியலை.” உடனே, மின்னல் இல்லையா, “எதுக்கும் வேற ஒண்ணு மாட்டிப் பாப்போம்” என்று புது ஆல்டர்நேட்டரை மாட்டினார்.

இவர் இன்று காரில் உட்காரவே மறுத்துவிட்டார். கைத்தடியோடு பானெட்டுக்கு முன் நின்று, தடியால் எஞ்சினுக்குக் கீழே எதையோ குத்திக் குத்திக் காட்டினார். “அத்தை! அத்தை, அத்தை!” ஸ்பேனர் பிடித்திருந்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இவரிடம் வேலை கற்றவர்கள். எனக்கு எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எட்டு மாதத்தில் அவர் என்னை முறைத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது மின்னல் மெதுவாக, “அண்ணி, அந்தப் பத்திரம்... இருபதாம் தேதி கையெழுத்துப் போட்டுடலாமா? பட்டறை என் ஒருத்தன் பேர்ல இருந்தாத்தான் எல்லாத்துக்கும் சுலபம்” என்றார். தப்பில்லை. எட்டு மாதம் ஒரு வார்த்தை பேசாமல் காத்திருந்த மனிதர். சரி என்றேன். இவருக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போடலாம். அதற்கான எழுத்து வேலை முன்பே முடிந்துவிட்டது.

சரி என்று சொன்னது யார்? நானா? அவருடைய இருபத்தாறு வருஷத்தை, கார்க் கதவில் சாய்ந்துகொண்டு, ஒரு தலையாட்டலில்?

மார்ச் 13, வியாழன்

புதுப் பேட்டரி. புது ஆல்டர்நேட்டர். புதுப் பெல்ட். பழைய விளக்கு.

மார்ச் 14, வெள்ளி

பயிற்சி தரும் பெண்ணிடம் அத்தை விஷயத்தைச் சொன்னேன். “திரும்பத் திரும்ப ஒரே வார்த்தை வருதுன்னா அதுக்குப் பின்னாடி ஏதோ இருக்கும். அத்தைன்னு உண்மையிலயே யாராவது இருக்காங்களா?” என்றாள்.

இருக்கிறார். அவருடைய அப்பாவின் தங்கை. எழுபத்தெட்டு வயது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு மணி நேரத் தூரத்தில் தனியாக இருக்கிறார். சின்ன வயதில் இவரைத் தூக்கி வளர்த்தவராம். நாங்கள் போய் இரண்டு வருஷமாகிறது.

“அத்தையப் பாக்கணுமா?” என்று காரில் கேட்டேன். தலையாட்டினார். “வேண்டாமா?” அதற்கும் ஆட்டினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு... எனக்குத் தெரிந்த பெருமூச்சு. வேலை தெரியாத ஆளிடம் மாட்டிக்கொண்டால் விடுவாரே, அது.

பிரமையாகக்கூட இருக்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

எங்கிருந்து ஆரம்பிப்பது? 

காலையில் அத்தை வீட்டுக்குப் போனோம். போகும்போது நல்ல வெயில். முன்விளக்கு வேண்டாம், வைப்பர் வேண்டாம், விசிறிகூடப் போடவில்லை. பட்டினி போட்டு ஓட்டினேன். விளக்கு இரண்டே தடவைதான் கண் சிமிட்டியது.

அத்தை இரண்டாம் மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். “என்னையா கூப்பிட்டான்? பொண்டாட்டி பேரு வரலை, அவன் வளத்த கடை பேரு வரலை, என் பேரு வருதா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. இவரை உட்கார வைத்து, முகத்தைத் தடவி, கன்னத்தைக் கிள்ளி, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, “பாத்தீங்களா, பேச்சே போயிடுச்சு, ஆனா அத்தையை மட்டும் மறக்கலை” என்று ஒரு கூட்டமே கூட்டிவிட்டார்.

இவர் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூட “அத்தை” என்று சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை! அத்தை காதைக் குவித்துக்கொண்டு காத்திருந்தார். “சொல்லுடா, இப்ப சொல்லு.” இவர் என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மணி நேரம் வந்தது எதற்கு?

சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கீழே இறங்கினோம். சாவியைத் திருப்பினேன். டக் டக் டக். அவ்வளவுதான்.

உட்கார்ந்து அழுதேன். அவர் பக்கத்தில் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல்.

கீழ் வீட்டுக்காரர் ஒருவர் தன் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து, சிவப்பு ஒயர் ஒன்று, கறுப்பு ஒயர் ஒன்று, இரண்டு பேட்டரிக்கும் முடிச்சுப் போட்டார். எங்கள் கார் பெரிய மனது பண்ணிக் கிளம்பியது. ஒயர்களைக் கழற்றினார். எஞ்சின் ஓடுகிறது, ஆனால் சிவப்பு விளக்கு நெற்றிக்கண் மாதிரி எரிகிறது, முன்விளக்கைப் போட்டால் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சம். “இது போற வழியிலயே நின்னுடும்மா” என்றார் அவர்.

அதற்குள் இந்தப் பக்கக் கதவு திறந்தது. இவர் இறங்கிவிட்டார். தானாக! தடியைக்கூட எடுக்கவில்லை. காரைப் பிடித்துப் பிடித்து முன்பக்கம் வந்து, கீழ் வீட்டுக்காரர் கையிலிருந்த கறுப்பு ஒயரை இடது கையால் பிடுங்கினார்.

“சார், சார், விடுங்க! ஷாக் அடிச்சிடும்!”

“விடுங்க,” என்றேன் நான். ஏன் சொன்னேன் தெரியாது. அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். வேலையில் இருக்கும்போது சாப்பிடக் கூப்பிட்டால் திரும்பாத முகம்.

ஒரு முனையைப் பேட்டரியின் கறுப்புப் பக்கத்தில் கவ்வ வைத்தார். ஒரே கை, இரண்டு தடவை நழுவியது. நான் கை நீட்டினேன், முழங்கையால் தள்ளிவிட்டார். மறு முனையை எடுத்துக் குனிந்து, எஞ்சினைத் தூக்குவதற்கென்று இருக்குமே ஓர் இரும்புக் கொக்கி, அதில் கவ்வ வைத்தார்.

முன்விளக்குகள் பளீரென்று எழுந்தன. எஞ்சின் ஓட்டம்கூட மாறியது. ஓடிப்போய் உள்ளே பார்த்தேன். சிவப்பு இல்லை. வைப்பர் போட்டேன், விசிறி போட்டேன், ஹாரன் அடித்தேன். சிவப்பு இல்லை. இல்லவே இல்லை.

இவர் எஞ்சினைத் தட்டினார். கார் உடம்பைத் தட்டினார். இரண்டுக்கும் நடுவில், கீழே, விரலை நீட்டினார். எட்டிப் பார்த்தேன். எஞ்சினையும் கார் உடம்பையும் இணைக்கிற பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்று, பச்சை பூத்து, நாலே நாலு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு என் முகத்துக்கு நேரே, ஒவ்வொரு எழுத்தாக உதட்டைக் கூட்டி:

“அத்... தை.”

எர்த்து. எர்த் ஒயர்! கடவுளே! எர்த்து!

பட்டறையில் ஒரு நாளைக்கு நூறு தடவை கத்துவாரே – “மொதல்ல எர்த்தைப் பாருடா, அப்புறம் மத்ததைப் பாரு” – வீடு வரைக்கும் கேட்குமே. மின்னல் பானெட்டைத் திறந்த அன்றைக்கே சொல்லிவிட்டார். பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தடியால் குத்திக் காட்டினார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அப்போது மேலே இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து ஒரு குரல்:

“என்னடா கண்ணு? இதோ இருக்கேன்! அத்தை இங்கதான்டா இருக்கேன்!”

அண்ணாந்து பார்த்தோம். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக நிற்கிறார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இவர் என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார், பாதி வாய் மெல்லக் கோணியது. சிரிப்பு! பிறகு நல்ல கையைத் தூக்கி அத்தைக்கு ஆட்டினார். “அத்தை!” என்று உரக்கக் கூப்பிட்டார். இந்தத் தடவை அவருக்கே.

கறுப்பு ஒயரை அப்படியே கட்டிக்கொண்டு, முன்விளக்கு போட்டுக்கொண்டே வந்து சேர்ந்தோம். வழி முழுக்க நான்தான் பேசினேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. உள்ளே ஆள் இருக்கிறார். முழுசாக இருக்கிறார்.

மார்ச் 17, திங்கள்

பத்து நிமிஷ வேலை. பழைய பட்டையைக் கழற்றி, துருவைச் சுரண்டி, புதுசு மாட்டினார் மின்னல். அது அறுந்தால் ஆல்டர்நேட்டர் செய்கிற மின்சாரம் பேட்டரிக்குப் போய்ச் சேர வழியில்லையாம். பேட்டரியில் மீட்டரை வைத்தார். பதினாலே கால்.

கழற்றிய பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். “மொத நாளே சொல்லியிருக்காரு அண்ணி. நான் அத்தை நல்லாருக்காங்கன்னு சமாதானம் சொல்றேன். எவ்வளவு கேவலமா நெனச்சிருப்பாரு என்னை?”

இவர் பக்கத்தில் போய், தடியால் அவர் காலில் லேசாக ஒரு தட்டு தட்டினார். எழுந்திரு, வேலையைப் பார் என்பதுபோல. மின்னல் அழுதுகொண்டே எழுந்துவிட்டார்.

பத்திரத்தைப் பற்றி நானாக ஆரம்பித்தேன். இருபதாம் தேதி வேண்டாம் தம்பி, அவரைக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது. மின்னல் தரையைப் பார்த்தார். “போர்டு எழுதக் குடுத்துட்டேன் அண்ணி. என் பேர்ல. அவசரப்பட்டுட்டேன்.” எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவசரத்தில் அவருக்கு நான் அக்கா.

மார்ச் 18, செவ்வாய்

கேட்டுவிட்டேன். காலையில், சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது.

“அன்னிக்கு அக்காகிட்ட போன்ல சொன்னேனே. உள்ள ஆளே இல்லன்னு. கேட்டுச்சா?”

வழக்கமான தலையாட்டல் இல்லை. சட்டையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு மெதுவாக ஒரே ஒரு முறை தலை கீழே போய் மேலே வந்தது.

எனக்குப் பொத்தான் துளை தெரியவில்லை. எட்டு மாதமாக இவர் முன்னால் யார் யாரிடம் என்னென்ன பேசியிருப்பேன்! டாக்டர், அக்கா, மின்னல், காய்கறிக்காரர் உள்பட. மரத்தைச் சுற்றி நின்று பேசுவது மாதிரி.

“நான் ஒரு முட்டாள்,” என்றேன்.

இடது கை என் தலைமேல் வந்தது. ஏதோ சொல்ல வாய் கூட்டினார். “பா... பர... பாத்திரம்.”

பரவாயில்லை என்றாரா, பாத்திரம் கழுவச் சொன்னாரா? தெரியவில்லை. அழுதுகொண்டே போய் இருந்த பாத்திரத்தையெல்லாம் கழுவி வைத்தேன்.

மார்ச் 21, வெள்ளி

பயிற்சிப் பெண் ஒரு வழி சொன்னாள். ஆம்-இல்லை கேட்காதீர்கள், இரண்டு பொருளை எதிரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அடக் கடவுளே, கடையில் நான் நாள் முழுக்கச் செய்வது அதுதானே? “இந்தக் கண்ணாடில தெளிவா தெரியுதா, அதுலயா?” முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் அத்தனை பொறுமை. வீட்டில் ஒரு தடவை கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

அத்தை போன் செய்தார். தன்னைத்தான் கூப்பிட்டான் என்று மாடி முழுக்கச் சொல்லியாகிவிட்டதாம். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அதில் பொய் என்று எதைச் சொல்வது?

ஏப்ரல் 5, சனி

பட்டறைக்குப் பத்து நாளாகப் போய்வருகிறோம், மதியத்துக்கு மேல். அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காட்டுகிறார், பிள்ளைகள் கழற்றுகிறார்கள், மீட்டரை நான் பிடிக்கிறேன். எனக்கு நம்பர் மட்டும் படிக்கத் தெரியும். அதன் அர்த்தம் அவர் முகத்தில் தெரியும்.

மின்னலின் புதுப் போர்டு வந்து சேர்ந்திருக்கிறது. திருப்பிப் போட்டு அதன்மேல் பழைய பேட்டரிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று எங்களுக்குள் சண்டை. பட்டறையில், அத்தனை பேர் முன்னால்.

ஒரு டாக்ஸி வந்தது. சார்ஜ் ஏறவில்லை. நான் மீட்டரை வைத்துப் பார்த்து, “பெல்ட் லூஸா இருக்கு, அதான்” என்றேன். ஏதோ எனக்குத் தெரிந்த மாதிரி. அவர் இல்லை என்று கையை ஆட்டினார். நான் ஆமாம் என்றேன். அவர் தடியைத் தரையில் தட்டினார். நான் விடவில்லை. ஒரு மாதம் மீட்டர் பிடித்தவளுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கக் கூடாதா? பெல்ட்டை இறுக்கச் சொன்னேன். பையன்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறுக்கினார்கள். சார்ஜ் ஏறவில்லை. மறுபடி இறுக்கச் சொன்னேன். பெல்ட் கீச்சென்று கத்தியது.

அப்போது அவர் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார். தடுமாற்றம் இல்லை, வாய் கோணவில்லை, ஒரு எழுத்து பிசகவில்லை:

“கழுதை.”

 மீட்டரை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன். காது சூடேறிவிட்டது. கல்யாணமான இந்த இருபத்து மூன்று வருஷத்தில் ஒருநாள் என்னை அப்படிச் சொன்னதுண்டா? சரி, இரண்டு மூன்று தடவை சொன்னதுண்டு. அதற்காக?

பத்து நிமிஷம் கழித்து மின்னல் ஓடி வந்து ஜன்னலைத் தட்டினார். கண்ணெல்லாம் தண்ணீர். “அண்ணி, கவனிச்சீங்களா? முழுசா சொன்னாரு அண்ணி! முழு வார்த்தை!”

“கவனிச்சேன், நல்லாவே கவனிச்சேன்,” என்றேன். உண்மையில் அப்போதுதான் உறைத்தது.

அது பெல்ட் இல்லை, ஆல்டர்நேட்டருக்குள்ளே தேய்ந்துபோன கார்பன் துண்டாம். அவர் சொன்னதுதான் சரி. எப்போதும் அவர் சொன்னதுதான் சரி.

வீட்டுக்கு வரும்வரை நான் பேசவில்லை. சாப்பாடு போட்டேன், பேசவில்லை. இப்போது எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஓரக்கண்ணால் பார்க்கிறார், வாயைக் கூட்டுகிறார், “மன்...” என்கிறார், “மன்... மண்டபம்” என்கிறார், தானே தலையில் அடித்துக்கொள்கிறார்.

சொல்லட்டும். கழுதை என்று முழுசாகச் சொல்லத் தெரிந்தவருக்கு மன்னிப்பு என்றும் முழுசாகச் சொல்லத் தெரிய வேண்டும். எத்தனை நாளானாலும் சரி, எனக்கு அவசரமில்லை.